ஒலியளவின் ஒழுங்கு

இக்காலத்துக் கிதார் வாசிப்போர் டிஜிட்டல் பிராசஸர் என்னும் சிறு பெட்டியொன்றினால், காலால் மிதித்த அளவிலே பலவகை நாதங்களை மாற்றிக்கொள்கின்றனர். ஆயினும், மென்னாதத்தினின்று முழங்கும் நாதத்திற்கு மாறுங்கால் பாடுவோர் குரல் அமிழ்ந்துபோதலையும், மீளுங்கால் கிதாரே கேளாதொழிதலையும் மேடைகளில் நாம் காண்கின்றோம். இக்குறை கருவியினதன்று, வாசிப்போர் ஒலியளவை ஒழுங்குசெய்யாமையால் விளைவதேயாம்.

வீட்டில் தாழ்ந்த ஒலியில் அமைத்த அளவு மேடைக்குப் பொருந்தாது. ஒலி குறையுங்கால் மனிதச் செவி தாழ்ந்த ஸ்வரங்களைக் குறைவாகவே உணரும் என்பதைப் பிளெட்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர் 1933-ஆம் ஆண்டிலேயே விளக்கினர். ஆகவே வீட்டில் கூட்டிவைத்த தாழ்ஸ்வரம் மேடையில் மிகைப்படும். அளவுகாட்டியையும் முற்றும் நம்பலாகாது. டிஸ்டார்ஷன் நாதத்தில் உச்சங்கள் நசுங்கிச் சராசரி வலிமை மிகுதலால், உச்ச அளவு ஒத்திருப்பினும் அதுவே உரத்துக் கேட்கும்.

ஆதலின், மேடைக்குரிய ஒலியில், துணைவாத்தியங்களோடு சேர்த்து வாசித்து, ஒவ்வொரு நாதத்தையும் செவியாலேயே ஒப்பிடுதல் வேண்டும். கெயின் குமிழைத் திருகின் நாதத்தின் குணமே மாறுமாதலால், அந்நாதத்தின் இறுதி ஒலியளவையே திருத்துதல் நலம். தனிவாசிப்பிற்கு 3 முதல் 6 டெசிபல் ஏற்றம் போதும். 10 டெசிபல் ஏறினாலோ ஏறக்குறைய இருமடங்காகச் செவியில் ஒலிக்கும். உடன் வாசிப்போர்க்கு இடங்கொடுத்தலே வாத்தியம் பயில்வோர்க்கு அழகு என்பது நமது துணிபு.