இரவல் இசை என்னும் தீர்ப்பு

இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை, அதாவது 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் உள்ளூர்க் கலைஞர்கள் தாமே எழுதி மெட்டமைத்துக் கித்தார், பொங்கோ முதலியவற்றின் துணையோடு பாடிய பாடல் வகை, மேலைநாட்டு இசையின் நகல் என்றும், தமிழ்த் திரையிசையின் நிழலில் வாழ்ந்தது என்றும், தலைநகரின் கேளிக்கை மேடைகளில் பிறந்து 'சுராங்கனி' என்னும் பாடலோடு அடங்கியது என்றும் ஒரு கருத்து நெடுங்காலமாக நிலவி வருகிறது. திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் வரலாற்றோடு பொருத்திப் பார்க்கும்போது இக்கருத்தின் எந்தக் கூறும் நிலைக்கவில்லை.

நகல் என்போர், 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கிய துறைமுகத்தையே சான்றாகக் காட்டக்கூடும். ஆனால் பொப்பிசைக்கு நடை தந்த பைலா என்னும் ஆடற்பாட்டு வகை, ஆங்கிலேயர் 1795இல் இத்துறைமுகத்தைக் கைப்பற்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இங்கு வந்து சேர்ந்த போர்த்துக்கேயரின் வழியில் உருவானது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியர், அதாவது போர்த்துக்கேய வழித்தோன்றல்கள், தமது கலப்பு மொழியையும் திருமண வீடுகளில் ஆடும் காபிரிஞ்ஞா ஆட்டத்தையும் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்துள்ளனர். பைலாவுக்கு அடிப்படையான அந்த ஆட்டத்தின் தாளம் மும்மூன்றாகப் பிரியும் ஆறு எண்ணிக்கைகளில் சுழல்வது. கருநாடக இசையார் திச்ர நடை என்று வழங்குவதும், கும்மிப் பாட்டில் கைகொட்டும்போது கேட்பதும் இதற்கு மிக நெருங்கிய கணக்கே. தமிழ்க் காது பைலாவை அந்நியமாக உணராததற்கு இந்த நெருக்கமே காரணமாதல் வேண்டும். நானூறு ஆண்டுகளாக ஒரு கரையில் ஊறிய தாளத்தை இரவல் என்பது, காலக் கணக்கையே மறுப்பதாகும்.

இத்தகைய தவறான தீர்ப்பு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. கயானா, யமேக்கா முதலிய கரிபியன் நாடுகளிலிருந்து பிரித்தானியாவுக்குக் குடிபெயர்ந்தோர் லண்டனில் அமைத்த சிமாண்டே குழு, தன் பெயரையே தாங்கிய முதல் இசைத்தொகுப்பை 1972இல் வெளியிட்டது. அடித்தாளத்தையும் பேஸ் கித்தாரையும் முன்னிறுத்தும் ஃபங்க், தேவாலயப் பாடலின் உருக்கத்திலிருந்து கிளைத்த சோல் ஆகிய இரு அமெரிக்கக் கறுப்பின வகைகளோடு கலிப்சோ என்னும் கரிபியன் பாட்டையும் ரஸ்தஃபாரி சமயத்தாரின் முழவொலியையும் பிணைத்த அந்தத் தொகுப்பைப் பிரித்தானியா அக்காலத்தில் பெரிதும் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் ஹிப்ஹாப் கலைஞர்கள் அதன் துண்டுகளை எடுத்தாண்ட பிறகே அதன் தனித்தன்மை உலகறிந்தது. கலப்பில் பிறந்த இசையை அதன் ஒரு பெற்றோரை மட்டும் கண்டு மதிப்பிடும் வழக்கம் இரு இடங்களிலும் ஒன்றே.

திரையிசையின் நிழல் என்னும் வாதம் இன்னும் வலுவற்றது. இலங்கைப் பாடகர் ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய 'சுராங்கனி', 1977இல் இளையராசா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்தில் இடம்பெற்றது. அங்கே கொடுத்தது தீவு, கொண்டது சென்னை.

வெறும் கேளிக்கை என்பதற்குப் பொப்பிசைப் பாடகர் நித்தி கனகரத்தினத்தின் பாடல்களே போதிய மறுப்பு. 'சின்ன மாமியே' பாடலில் மாமியிடம் அவளுடைய மகளைப் பற்றி மருமகன் கேட்பதும் அவள் விடையளிப்பதும் ஊர் முற்றத்து உரையாடலாகவே அமைகின்றன. மற்றொரு பாடல் கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று தடுக்கிறது. திரைப்பாடல் அந்நாளில் தொடத் தயங்கிய ஈழத்துப் பேச்சு இவற்றில் கூச்சமின்றி ஒலிப்பதை அற்பமாக எண்ணுவது பெரும் அநீதி.

பிறப்பிடம் பற்றிய கூற்றே மிகுந்த தீங்கு செய்தது. இலங்கையில் வெளிவந்த முதல் தமிழ்ப் பொப்பிசைத்தட்டு எனப் பலராலும் குறிக்கப்படும் 'உனக்குத் தெரியுமா' என்னும் காதற்பாடலைத் தந்தவர் திருகோணமலையைச் சேர்ந்த எம். பி. பரமேஸ். அவரும் உடன்பிறந்தாரான கோணேசும் பரமேஸ்–கோணேஸ் என்னும் பெயரால் இசைக்குழு நடத்தி அறியப்பட்டவர்கள். இசைத்தட்டு என்பது வானொலியில் ஒருமுறை ஒலித்து மறையும் பாட்டைப் போன்றதன்று. விலைகொடுத்து வாங்கி மீண்டும் மீண்டும் கேட்கத்தக்க பொருள். அத்தகைய பொருளாகத் தன் குரலைப் பதித்து வைக்கத் துறைமுக ஊரின் கலைஞர் ஒருவர் துணிந்தபோது அவருக்குப் பின்னால் பெரிய திரைத்துறை எதுவும் இருக்கவில்லை. 'சுராங்கனி'யை முதலும் முடிவுமாக வைத்து எழுதப்படும் ஒவ்வொரு வரலாற்றிலும் அவருடைய இசைத்தட்டும் அது தோன்றிய ஊரும் விடுபட்டே போகின்றன.