சித்தப்பா இல்லாதவர்களின் லிங்க்ட்இன்

எங்கள் தெருப் பெண் ஒருத்தி, பொறியியல் கடைசி வருஷம். போன மாதம் திருநீர்மலை அடிவாரத்தில் பார்த்தபோது போனை நீட்டினாள். "அண்ணா, நூத்தி நாப்பது பேருக்கு அனுப்பிட்டேன். ஒருத்தர்கூட பதில் போடல." வாங்கிப் பார்த்தேன். 'ரெஸ்பெக்டட் சார்/மேடம், ஐ ஆம் எ ஹார்ட்வொர்க்கிங் ஃப்ரெஷர், கைண்ட்லி ரெஃபர் மீ.' சாருக்கும் மேடத்துக்கும் நடுவில் இருந்த அந்தச் சாய்கோட்டைக்கூட அவள் எடுக்கவில்லை. நூற்று நாற்பது பேருக்கும் அதே கோடு.

அந்த வாரமே ஒரு இலக்கியக் கூட்டத்தில், டீ நேரத்தில் இதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு நண்பர், "லிங்க்ட்இன்ல இருக்கறவன்லாம் தன்னைத்தானே ஏலம் விடறவன்யா, அதுல போயி என்ன பதில் எதிர்பார்க்கறது" என்றார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்தச் சிரிப்பு உறுத்த ஆரம்பித்தது. சிரித்த ஆறு பேரில் நான்கு பேரின் முதல் வேலை எப்படிக் கிடைத்தது என்று எனக்குத் தெரியும். ஒருவருக்குச் சித்தப்பா, ஒருவருக்கு அப்பாவின் வங்கி நண்பர், இரண்டு பேருக்குக் கல்லூரி சீனியர்கள். அவர்கள் யாரும் ஏலத்தில் நிற்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய லிங்க்ட்இன் கல்யாண வீட்டுப் பந்தியிலேயே நடந்து முடிந்துவிட்டது.

"எனக்கு இந்த நெட்வொர்க்கிங் எல்லாம் பிடிக்காதுங்க" என்று சொல்பவர்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கு அது பிறக்கும்போதே கிடைத்திருக்கும். தண்ணீர் லாரியைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் பார்த்து, வீட்டில் போர் போட்டவர் முகம் சுளிப்பது போலத்தான் இது.

தமிழ்நாட்டில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. 2010-11 கல்வியாண்டிலிருந்து தொழிற்கல்வியில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை கொடுக்கிறார்கள், அதற்கான காகிதம். நானும் அதை வைத்துத்தான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தேன். அப்பாவுக்குத் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வேலை. அந்தக் காகிதத்தை வேறு மாதிரியும் படிக்கலாம் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. 'இவன் வீட்டில் இவனுக்காக ஒரு கம்பெனியில் போய்ப் பேச யாருமில்லை' என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்தது அது. கட்டணத்துக்குச் சலுகை இருந்தது. பேச ஆள் இல்லாததற்கு எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது?

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். (அதன் முதல் வடிவத்தை 1969-ல் ஒரு பெரிய ஆய்விதழ் நிராகரித்தது. எழுதுகிறவர்களுக்கு இது ஆறுதல்.) தெரிந்தவர் மூலமாக வேலை மாறியவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது 55.6, அரிதாக 27.8. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது ஏற்கெனவே நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து ஆளிடமிருந்துதான் புதுச் சேதி வரும். 2022-ல் லிங்க்ட்இன் தரவை வைத்து இரண்டு கோடிப் பேரிடம் செய்த ஆய்வு சயன்ஸ் இதழில் வந்தது. அதுவும் கிட்டத்தட்ட இதையே சொன்னது, ரொம்பத் தூரமும் இல்லாத, ரொம்பக் கிட்டவும் இல்லாத பழக்கமே அதிகம் உதவுகிறது என்று. நம் தெருப் பெண்ணுக்குக் கிட்டத்து உறவுகள் ஏராளம். எல்லோரும் பம்மலிலும் நாகல்கேணியிலும் அவள் அப்பா மாதிரியே கூலிக்குப் போகிறவர்கள். அவளுக்கு இல்லாதது அந்தத் தூரத்து ஆள்தான். அவரைத் தேடித்தான் அவள் அந்தச் சாய்கோட்டோடு கிளம்பியிருக்கிறாள்.

லிங்க்ட்இன் ஒன்றும் சமத்துவபுரம் இல்லை. கணக்கு ஆரம்பித்த உடனேயே அது கடைசிப் பெயர் கேட்கிறது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? 1929 பிப்ரவரியில், எங்களுக்குப் பக்கத்து ஊரான செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதனால் நம்மிடம் மிஞ்சியது ஒரு இன்ஷியல். அவள் அந்தக் கட்டத்தில் 'மு' என்று போட்டிருந்தாள். வடக்கே இருக்கிற ஒரு எச்.ஆருக்கு அது அரைகுறைப் பெயராகத் தெரியலாம். தெரியட்டும். அதை மாற்றச் சொல்லி நான் சொல்லவில்லை.

சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், டெல்லிப் பக்கத்துப் பெரிய கம்பெனிகளின் எச்.ஆர். அதிகாரிகளிடம் பேசினார்கள். எல்லோரும் தகுதி, திறமை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கூடவே, நேர்முகத்தில் 'குடும்பப் பின்னணி' கேட்போம் என்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முதல் பட்டதாரி என்ன பதில் சொல்வார்? வேலை செய்தே காட்டுகிற ஒரு பொதுத் திண்ணை அவருக்கு வேண்டியிருக்கிறது. லிங்க்ட்இன் அதற்காகக் கட்டிய இடமில்லை. 2016-ல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலர் கொடுத்து வாங்கியது இந்தப் பெண்ணுக்கு வழிவிடவா? ஆனாலும் கையில் இருக்கிற திண்ணை அதுதான்.

அங்கே ஓடும் அபத்தங்களை நான் மறைக்கவில்லை. வேலை போனதற்கும் வேலை கிடைத்ததற்கும் ஒரே மாதிரி 'பணிவோடு அறிவிக்கிறேன்' போடுகிறார்கள். காசு கட்டி வாங்கிய சான்றிதழ்களைக் கொலு மாதிரி அடுக்குகிறார்கள். இதைவிட மோசமானது போலி வேலை. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது: சமூக ஊடக விளம்பரம் வழியே தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து, இணைய மோசடி வேலை செய்ய வைத்தார்கள். சிக்கியவர்களில் தமிழ்ப் பையன்களும் உண்டு. விசாரித்துச் சொல்ல ஒரு ஆள் இல்லாத வீட்டில்தான் இந்தக் கண்ணி சுலபமாக விழும். பணம் கேட்டால், பாஸ்போர்ட்டைக் கேட்டால், டூரிஸ்ட் விசாவில் வரச் சொன்னால் அதோடு நிறுத்திவிடு என்று அவளிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். 'ஹார்ட்வொர்க்கிங்'கை எடு, அதை யாரும் நம்புவதில்லை. நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: மழைக்காலத்தில் அடையாற்றுப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க, சென்சார் வைத்து ஒரு கருவி பண்ணியிருக்கிறாள். இரண்டாவது மழையில் பேட்டரி நனைந்து செத்துவிட்டதாம். "அதான் அண்ணா, ஃபெயிலான ப்ராஜெக்ட், எப்படிப் போடறது?" எனக்குக் கோபமே வந்தது. அதைத்தாம்மா முதல்ல போடணும்! ஏன் செத்தது, அடுத்து என்ன மாற்றினாய், ரெண்டு போட்டோ. அப்புறம் நூற்று நாற்பது பேர் வேண்டாம், பத்துப் பேர். அந்த மாதிரிக் கருவி வேலை செய்கிறவர்களாகப் பார். உன் கல்லூரியில் படித்தவர் யாராவது இருந்தால் முதலில் அவர். வேலை கேட்காதே, ஒரு கேள்வி கேள்: பேட்டரியை ஈரத்திலிருந்து நீங்க எப்படிக் காப்பாத்தறீங்க? தெரிந்தவர்களுக்குப் பதில் சொல்லப் பிடிக்கும். பதில் வந்தால் நன்றி சொல்லி, அதைச் செய்து பார்த்து, என்ன ஆச்சு என்று திரும்ப எழுது. இங்கிலீஷ் தப்பாக இருந்தால் இருக்கட்டும்.

இதைத்தான் என் நண்பர்களின் சித்தப்பாக்கள் அவர்களுக்குச் சாப்பாட்டு மேசையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேவலம் என்று யாரும் அப்போது சொன்னதில்லை.

இதைப் படிக்கிற, வேலையில் இருக்கிற நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் இன்பாக்ஸில் பதில் போடாத 'ரெஸ்பெக்டட் சார்/மேடம்' எத்தனை கிடக்கிறது? என்னுடையதை அன்று இரவு எண்ணினேன். முப்பத்தெட்டு. அதில் இரண்டு, நான் படித்த கல்லூரியிலிருந்தே வந்தவை.

அவள் பத்துப் பேருக்கு எழுதினாள். எட்டுப் பேரிடமிருந்து ஒன்றுமில்லை. ஒருவர் 'ஆல் தி பெஸ்ட்' என்று மட்டும் போட்டார். பத்தாவது ஆள், கோயம்புத்தூரில் பம்ப் கண்ட்ரோலர் செய்கிறவர், நேற்று ராத்திரி பதினொன்றரைக்குப் பதில் எழுதியிருக்கிறார்: "என்ன பெட்டி போட்டீங்க? போட்டோ அனுப்புங்க."