மலையைத் தேடுவதா? மனிதனைத் தேடுவதா?

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து, 14 கிலோ மீட்டர் தூரம் மலையைச் சுற்றிவிட்டுப் போகிறார்கள் என்பது யாவரும் அறிந்த சங்கதி. கார்த்திகை மாதத்தில் மலையுச்சியில் ஆயிரக்கணக்கான கிலோ நெய் கொளுத்தப்படுவதும் அப்படியே. இவற்றைப் பற்றி நாம் பன்முறை எழுதியிருக்கிறோம். இன்று எழுத வந்தது வேறொரு விஷயம்.

"ஐரோப்பாவிலே படித்த கிறிஸ்தவர்கள்கூட ஆத்ம சாந்தி தேடித் திருவண்ணாமலைக்கு யாத்திரை வருகிறார்களே! விஞ்ஞானம் கற்ற நாட்டாரே இங்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு உட்காரும்போது, நீங்கள் மாத்திரம் மதம் வேண்டாம், நம்பிக்கை வேண்டாம் என்று சொல்லுவது எப்படிப் பொருந்தும்?" என்று நம்மைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமான கேள்விதான். ஆகவே அதற்கு நேராகவே பதில் சொல்ல வேண்டியது நமது கடமையாகும்.

இந்த யாத்திரைக்காரர்களில் முக்கியமானவர் ஆன்றி லெசோ என்னும் பிரஞ்சுக்காரப் பாதிரியார். 1910இல் பிரிட்டானியில் பிறந்து, 1929இல் பெனடிக்டைன் சபை மடத்தில் சேர்ந்து, 1948இல் இந்தியாவுக்கு வந்தவர். 1939 முதல் திருச்சி மேற்றிராசனத்தில் ஊழியம் செய்து வந்த மோன்ஷனென் பாதிரியாரும் இவரும் சேர்ந்து 1950இல் குளித்தலைக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் சாந்திவனம் என்ற மடத்தை நிறுவினார்கள். காவி உடுத்தினார்கள். லெசோ, அபிஷிக்தானந்தர் என்று பேரும் வைத்துக்கொண்டார். 1949 ஜனவரியில் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைக் கண்டார். ரமணர் 1950 ஏப்ரல் 14இல் காலமான பிறகும், 1952 முதல் பலமுறை இங்கு வந்து மலைக் குகைகளில் மௌனமாகத் தங்கினார்.

இவரைப் போலி என்று நாம் சொல்ல மாட்டோம். உண்டியல் வைத்துப் பணம் சேர்க்க வந்தவரல்லர். சுகத்தை விட்டுவிட்டுத் தரையில் படுத்தவர். யோக்கியமான மனிதர் என்றே ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் யோக்கியமான மனிதர் ஒன்றை நம்பினார் என்பதாலேயே அந்த நம்பிக்கை உண்மையாகிவிடுமா என்பதுதான் கேள்வி.

அவர் கண்டதென்ன? கிறிஸ்து ஒருவரே வழி என்று சொல்லும் சபையின் குரு அவர். எல்லாம் ஒன்றே, இரண்டில்லை என்று சொல்லும் அத்வைதம் அவரை இழுத்தது. ஒன்றை விட மனமில்லை, மற்றதைத் தள்ளவும் முடியவில்லை. காலையில் பூசை வைப்பதும், பிறகு குகையில் உட்கார்ந்து வேதாந்தம் சிந்திப்பதுமாக இருபது வருஷத்துக்கு மேல் அவர் பட்ட பாடு, அவர் இறந்தபின் வெளியான நாட்குறிப்பிலே தெரிகிறது. கடைசியில் 1973இல் இருதய நோய் கண்டு, இந்தூரில் ஒரு மருத்துவ விடுதியில் உயிர் விட்டார். இதை நாம் பரிகாசத்துக்காகச் சொல்லவில்லை. முழு உண்மையும் எங்களிடமே இருக்கிறது என்று இரண்டு மதங்கள் சொல்லுகின்றன. இரண்டையும் உண்மையோடு பயின்ற ஒருவருக்கு இரண்டும் சேர்ந்து நிம்மதி கொடுக்க முடியவில்லை. இதனால் ஏற்படுவது என்ன? "வெள்ளைக்காரனே நம்புகிறான்" என்று நம்மிடம் காட்டப்படும் அத்தாட்சி, நம்பிக்கைக்கு அத்தாட்சியல்ல, சந்தேகத்துக்கே அத்தாட்சி என்பதுதான்.

நிற்க, அவர் காணாதது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். ரமணாசிரமத்துச் சாப்பாட்டுக் கூடத்திலே அந்தக் காலத்தில் வைதீகப் பார்ப்பனர்க்கு ஒரு பக்கம், மற்றவர்க்கு ஒரு பக்கம் என்று பிரிவினை இருந்தது. எல்லாம் ஒன்றே என்ற உபதேசம் நடந்த இடத்தில் இலை போடும்போது மாத்திரம் இரண்டு! சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளைப் பிரித்து வைத்துச் சோறு போட்டதற்காக 1920களில் இந்த நாட்டில் எவ்வளவு பெரிய கிளர்ச்சி நடந்தது என்பது நமது வாசகர்களுக்குத் தெரியும். மேல்நாட்டிலிருந்து அத்வைதம் கேட்க வந்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பந்தியைப் பார்த்து, "இதுவா அத்வைதம்?" என்று கேட்டார்கள்?

இது புதிய சங்கதியுமல்ல. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார், பூணூலும் காவியும் தரித்து, பார்ப்பனச் சந்நியாசியைப் போலவே வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் கிறிஸ்தவத்துக்கு விரோதமல்ல என்று 1623இல் போப்பாண்டவரும் அனுமதி கொடுத்தார். மேல்சாதிக்கு ஒருவகைக் குரு, தாழ்த்தப்பட்டவர்க்கு வேறுவகைக் குரு என்று பிறகு ஏற்பாடாயிற்று. ஏசுவை இங்கே கொண்டுவந்தவர்கள் சாதியை வெளியே தள்ளவில்லை. சாதியின் வீட்டுத் திண்ணையிலே ஏசுவுக்கு ஓர் இடம் கேட்டு வாங்கினார்கள்.

அதன் பலன் என்ன? வடக்கன்குளம் மாதா கோவிலுக்குள்ளேயே சாதி பிரிக்கச் சுவர் இருந்தது. 1910இல் அது இடிக்கப்பட்டபோது, மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். சரி, அது பழைய கதை என்பீர்களானால், அப்போதைய விழுப்புரம் ஜில்லா எறையூரில் 2008 மார்ச்சில் நடந்ததென்ன? தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமையும் தனிப் பங்கும் கேட்டதன்மேல் கிறிஸ்தவர்க்கும் கிறிஸ்தவர்க்கும் கலகம் மூண்டு, போலீசார் சுட்டதில் 2 பேர் மாண்டார்கள். இழிவு நீங்குமென்று மதம் மாறிய மனிதன், புதிய மதத்தின் வாசலிலும் அதே இழிவு உட்கார்ந்திருக்கக் கண்டான் என்பதைவிட வெட்கக்கேடு வேறு என்ன வேண்டும்?

இனி அற்புதங்களைப் பற்றி. பிரான்சிலுள்ள லூர்து நகரத்துக்கு வருஷத்துக்கு லட்சோபலட்சம் பேர் நோய் தீர யாத்திரை போகிறார்கள். 1858 முதல் 2018 வரையில் 160 வருஷ காலத்தில், ஆயிரக்கணக்கில் வந்த விண்ணப்பங்களை ஆராய்ந்து, சபையே அற்புதமென்று ஒப்புக்கொண்டது 70 மாத்திரமே. 2004 டிசம்பர் 26ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் கடலலைக்கு இரையானார்கள். கோவிலுக்குள் தண்ணீர் வரவில்லை, அதுவே அற்புதம் என்று பிறகு சொல்லப்பட்டது. கட்டிடத்தைக் காப்பாற்றி, கும்பிட வந்த குழந்தையைக் கைவிடுவது எந்தத் தாயின் குணம் என்று கேட்கிறோம்.

நமது மலையின் சங்கதியும் அதுவே. 2024 டிசம்பர் 1ந் தேதி, புயல் மழையில் அண்ணாமலையின் சரிவு இடிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் பாறையும் மண்ணும் விழுந்து, குழந்தைகள் உள்பட 7 பேர் இறந்தார்கள். அவர்கள் செய்த பாவம் என்ன? மலையடிவாரத்தில் ஏழைகளாய்க் குடியிருந்ததுதான். அந்த வருஷத்துத் தீபத்துக்குப் பொதுஜனங்கள் மலையேறக் கூடாதென்று சர்க்கார் தடுத்தது, மண்ணையும் பாறையையும் ஆராய்ந்த நிபுணர்களின் பேச்சைக் கேட்டேயொழிய, பஞ்சாங்கத்தைப் பார்த்தல்ல. மலை சிவனாயிருந்தால் நிபுணர் எதற்கு? மலை மலைதான் என்று தெரிந்துதானே நிபுணரைக் கூப்பிட்டார்கள்! அந்த அறிவை மழைக்கு முன்பே உபயோகித்து, அந்த ஏழைகளுக்குச் சமதரையில் வீடு கொடுத்திருந்தால், ஏழு உயிர் பிழைத்திருக்குமே!

இப்படியெல்லாம் சொல்லுவதால், மனித மனத்துக்கு அமைதியே வேண்டாமென்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆலையிலும் ஆபீசிலும் உழைத்துக் களைத்தவன், கடன்காரனுக்குப் பயந்தவன், பிள்ளையைப் பறிகொடுத்தவன் இரவு நேரத்தில் காற்றோட்டமாக நாலு மைல் நடந்தால் மனம் லேசாகத்தான் ஆகும். குகையில் பேசாமல் உட்கார்ந்தால் படபடப்பு அடங்கத்தான் செய்யும். இதற்குச் சிவனும் வேண்டாம், கிறிஸ்துவும் வேண்டாம். ஆனால் அந்த அமைதியைச் சாமியின் கணக்கில் எழுதி, அதற்குக் காணிக்கையும், தரகரும், சாதியும் சேர்த்து நம் தலையில் கட்டுவதைத்தான் ஆட்சேபிக்கிறோம். வீட்டுக்குத் திரும்பினால் கடன் அப்படியே இருக்கிறது, சேரியும் அப்படியே இருக்கிறது.

இந்தப் பிரதேசத்துக்கு வேறு வகை வெள்ளைக்காரர்களும் வந்தார்கள். டென்மார்க்கு மிஷன்காரர்கள் திருவண்ணாமலையில் பள்ளிக்கூடமும், திருக்கோவிலூரில் ஆஸ்பத்திரியும் வைத்தார்கள். திண்டிவனத்தில் பாதிரியாரான டாக்டரின் மகளாயிருந்த ஐடா ஸ்கடர் அம்மையார், இந்நாட்டில் தங்கவே விருப்பமில்லாதவர். ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனைக்கு உதவி தேடி வந்தார்கள். ஆண் டாக்டர் தங்கள் பெண்களைத் தொடக் கூடாதென்று ஆசாரம் தடுத்தது. மூன்று பெண்களும் செத்தார்கள். அந்த அம்மையார் அமெரிக்காவுக்குப் போய் வைத்தியம் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்று உலகம் அறிந்த ஆஸ்பத்திரி. தம்மைக் கடவுள் அழைத்ததாக அவர் நம்பினார். நம்மைக் கேட்டால், அவரை அழைத்தவர்கள் அந்த மூன்று பெண்களே என்போம். எது எப்படியானாலும், குகையைத் தேடியவர் நமக்கு நாட்குறிப்பை விட்டுப் போனார். மனிதனைத் தேடியவர் ஆஸ்பத்திரியை விட்டுப் போனார். எது வேண்டும் என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

இன்னும் ஒரு வார்த்தை. இதே திருவண்ணாமலை ஜில்லாவில், தண்டராம்பட்டுத் தாலுகா தென்முடியனூரில், ஆதிதிராவிடத் தோழர்கள் தங்கள் ஊர் முத்துமாரியம்மன் கோவிலுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது 2023 ஜனவரி 30ந் தேதி. அதுவும் அதிகாரிகளும் போலீசாரும் காவல் நிற்க! உள்ளே சாமி இருக்கிறதென்று நாம் அதை ஆதரிக்கவில்லை. ஒரு மனிதனை வெளியே நிறுத்தும் உரிமை இன்னொரு மனிதனுக்கு இல்லை என்பதற்காகவே ஆதரித்தோம். கடல் கடந்து இந்த மலைக்கு வரத் தெரிந்தவர்களுக்கும், பௌர்ணமிதோறும் அதைச் சுற்றத் தெரிந்த நமக்கும், பக்கத்துச் சேரிக்குப் போகும் வழி மாத்திரம் ஏன் தெரியவில்லை?

தோழர்களே! அடுத்த பௌர்ணமிக்கு நடக்க வேண்டுமென்று தோன்றினால் தாராளமாய் நடவுங்கள். நடை உடம்புக்கு நல்லது. ஆனால் மலையைச் சுற்றாமல் உங்கள் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எந்தத் தெருவுக்குக் குழாய் இல்லை, எந்தப் பிணத்துக்குப் பாதை இல்லை, எந்தக் குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை என்று பார்த்து வாருங்கள். பஸ்ஸுக்கும் கற்பூரத்துக்கும் எடுத்து வைத்த பணத்தை அந்தக் குழந்தையின் புஸ்தகத்துக்குக் கொடுங்கள். அந்த யாத்திரைக்குப் பாதிரியாரும் வேண்டாம், குருக்களும் வேண்டாம்.