இரண்டு மஞ்சள்கள்

நிறம் மாறுதல், வாயு வெளிப்படுதல், வெப்பம் உண்டாதல், வீழ்படிவு தோன்றுதல் என்று இரசாயன மாற்றத்தின் லட்சணங்களை வரிசை பிறழாமல் ஒப்பிக்கும் மாணவனுக்கு நமது பள்ளிக்கூடங்களில் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. ஆயினும் வீழ்படிவைக் கண்ட இடமெல்லாம் இரசாயன மாற்றம் நிகழ்ந்ததென்று அவன் முடிவு கட்டுவானேயானால், மலைமேல் தவழும் மூடுபனியைப் புகையென்று கொண்டு அங்கே நெருப்பிருப்பதாக அனுமானித்தவனின் நிலைக்குத்தான் அவனும் வந்து சேருவான்.

தூத்துக்குடி உப்பளங்களைப் பாருங்கள். வெயிலில் நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும், அடுத்து ஜிப்சமும், நீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே மானி ஏறக்குறைய 25 பாகையைத் தொடும்போது உப்பும், அதனதன் முறை வந்தபோது படிகின்றன. லிட்டர் நீருக்குச் சுமார் 360 கிராம் என்ற எல்லைவரை கரைந்து மறைந்திருந்த உப்பு, தன்னைத் தாங்க நீர் போதாமையால் வெளிப்பட்டதே தவிர, அங்கே புதிய வஸ்து எதுவும் பிறக்கவில்லை. முதலில் விழுந்த சுண்ணாம்பின் கதை வேறு. பைகார்பனேட்டாகக் கரைந்திருந்தது கரியமில வாயுவை இழந்து கார்பனேட்டாக மாறிய பின்னரே அது படிந்தது. ஒரே நீரிலிருந்து வந்த இரண்டு வெண்மைகளில் ஒன்று இரசாயன மாற்றம், மற்றொன்று அப்படியல்ல என்பதைக் கண் எவ்வாறு சொல்லும்? (உப்பு வாருகிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்து லட்சணப் பட்டியல் தெரியாது, ஆனால் மக்னீசிய உப்புகள் மிஞ்சிய கசப்பு நீரைக் காலத்தில் வெளியேற்றாவிட்டால் உப்புக் கசந்து, ஈரம் கோத்துக்கொள்ளும் என்பது நன்றாகத் தெரியும்.)

இதைவிடத் தெளிவான சாட்சி ஒன்று ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது. நிறமற்ற காரீய நைட்ரேட் கரைசலில் நிறமற்ற பொட்டாசியம் அயோடைடு கரைசலைச் சேர்த்த மாத்திரத்தில் மஞ்சள் வீழ்படிவு திரள்கிறது. காரீய அயோடைடு என்னும் புதிய வஸ்து உண்டாகிவிட்டது. அதிலே சிறிதளவை நிறைய நீரிலிட்டுக் கொதிக்கவைத்தால் மஞ்சள் மறைந்து நீர் தெளிகிறது. ஆறவிட்டாலோ, பொன் தூளைத் தூவியதுபோல் மினுமினுக்கும் தகடுகள் மெல்ல இறங்குகின்றன. லிட்டருக்கு 20 பாகை வெப்பநிலையில் ஒரு கிராமுக்கும் குறைவாகவும், கொதிநிலையில் 4 கிராமுக்கு மேலும் கரையும் அதன் இயல்பே இந்த அழகுக்குக் காரணம். இந்தப் பொன்மாரியில் இரசாயன மாற்றம் இம்மியும் இல்லை.

பட்டியலை அகற்றிவிட வேண்டுமென்று நான் வாதிக்கவில்லை. அது சந்தேகத்தை எழுப்பப் பயன்படும். தீர்ப்பு வழங்க அதற்குத் தகுதியில்லை. செய்முறைத் தேர்வில் ஆசிரியரே, காரீயம் நஞ்சாகையால் தம் கையாலேயே, இந்தச் சோதனையைச் செய்து, இரண்டாவது மஞ்சள் இறங்கும்போது குழாயை உயர்த்திக் காட்டி, "இது எந்த மாற்றம், எப்படித் தெரிந்துகொண்டாய்?" என்று கேட்டுவிட்டு, மாணவன் யோசித்து முடிக்கும்வரை காத்திருக்கலாம்.