பூட்டு கைப்பேசியில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த கையோடு பல வீடுகளில் ஒரே பேச்சு: புதிய கைப்பேசி. தானா ராத்தாவுக்கோ பிரிஞ்சாங்குக்கோ போய் விசாரித்தால், “இப்போது காசு வேண்டாம், 24 மாத ஒப்பந்தம் போட்டால் போதும்” என்ற பதில் கிடைக்கலாம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மாணவர்கள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் ஓடும் முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அமெரிக்காவில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் விற்கும் கைப்பேசிகள் பல, அந்தந்த நிறுவனத்தின் சிம் அட்டையை மட்டுமே ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கும். கனடா 2017 டிசம்பரிலும் பிரிட்டன் 2021 டிசம்பரிலும் அப்படி விற்பதைத் தடை செய்தன. நம் நாட்டில் அந்தப் பழக்கம் பெரும்பாலும் இல்லை. இங்கே பூட்டு இருப்பது ஒப்பந்தத்தில். தவணை முடியும் முன் விலகினால் அபராதம் கட்ட வேண்டும். எண்ணை மாற்றாமலே வேறு நிறுவனத்துக்கு மாறும் வசதி 2008 முதல் நமக்கு உண்டு. ஆனால், அது இந்த அபராதத்திலிருந்து நம்மைக் காப்பாற்றாது.

பட்டணத்தில் இது பெரிய சிக்கல் இல்லை. எந்த நிறுவனமானாலும் ஓரளவு லைன் கிடைத்துவிடும். மலையில் கதை வேறு. ரேடியோ அலைக்கு மலை ஒரு சுவர். மேட்டில் நன்றாக எடுக்கும் லைன் பள்ளத்து லயத்தில் எடுக்காமல் போகலாம். 5ஜி சேவைக்குப் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை, 700 மெகாஹெர்ட்ஸ் அலை அளவுக்குத் தூரம் போகாது. கடையில் வேகமாக ஓடிய கைப்பேசி வீட்டு வாசலில் திணறினாலும் 24 மாதம் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அடுத்த ஆண்டே நீங்கள் தஞ்சோங் மாலிமிலோ பினாங்கிலோ படித்துக்கொண்டிருக்கலாம். அங்கே நன்றாக எடுக்கும் லைன் வேறாக இருக்கலாம். தனியாக வாங்கிய கைப்பேசி என்றால் சிம்மை மாற்ற ஐந்து நிமிடம் போதும். இரண்டு சிம் போடும் வசதியிருந்தால் ஊருக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டு: மாதம் 98 ரிங்கிட் ஒப்பந்தம் 24 மாதத்தில் 2,352 ரிங்கிட் ஆகும். அதே கைப்பேசியைக் கடையில் 1,200 ரிங்கிட்டுக்கு வாங்கி, மாதம் 35 ரிங்கிட் பிரீபெய்ட் போட்டால் மொத்தம் 2,040 ரிங்கிட். “இலவசக்” கைப்பேசிக்கு 312 ரிங்கிட் கூடுதல்!

“மொத்தமாக 1,200 ரிங்கிட்டுக்கு எங்கே போவது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட். சீரான வருமானமும், வீட்டிலேயே நல்ல லைனும், நிறைய டேட்டா தேவையும் உள்ளவருக்கு ஒப்பந்தம் பொருந்தலாம். ஆனால், 18 வயது நிறையாத உங்களுக்காகக் கையெழுத்துப் போடப்போவது அப்பாவோ அம்மாவோதான். பில் நிலுவையில் நின்றால் கெடுவது அவர்களுடைய பெயர். அதைவிட, வகுப்புக்கும் பாடத்துக்கும் போதுமான விலை குறைந்த 4ஜி கைப்பேசி ஒன்றைச் சேமித்து வாங்குவது மேல்.

ஆகவே, முதலில் லைனைத் தேர்ந்தெடுங்கள், கைப்பேசி பிறகு. அக்கம்பக்கத்தாரின் கைப்பேசிகளை உங்கள் வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் பிரீபெய்ட் சிம்மையும் ஒரு வாரம் சோதியுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கைப்பேசி என்றால், 4ஜி வழியாகவே பேசும் வோல்ட்டி வசதி இங்குள்ள லைனில் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். 2021 இறுதியில் 3ஜி மூடப்பட்டுவிட்டதால் இது முக்கியம். சிரிம் முத்திரையையும் பாருங்கள்.

கொழுந்து பறித்துச் சம்பாதித்த காசு அது. இரண்டு ஆண்டுக்கு அதை அடகு வைக்கும் முன், வீட்டு வாசலில் எத்தனை கோடு லைன் எடுக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.