மாலைதீவில் அறை மலிவு, கடல்தான் விலை

மாலைதீவு என்றதும் எமது வியாபாரிகள் பலருக்கு இரண்டே விடயங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று மாசி. மற்றது, கோடீஸ்வரர்கள் தேனிலவு கொண்டாடும் தண்ணீர் மேல் கட்டிய வீடுகள். கொழும்பிலிருந்து ஒன்றரை மணித்தியால விமானப் பயணத்தில் இருக்கும் ஒரு நாட்டைப் பற்றி, அதுவும் எங்கள் பாட்டன்மார் காலத்திலிருந்து எம்மோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் ஒரு நாட்டைப் பற்றி, இவ்வளவுதான் தெரியும் என்றால் அது கொஞ்சம் வெட்கமான விடயம்தான்.

2017 ஜனவரியில் மனைவியையும் இளைய மகனையும் கூட்டிக்கொண்டு நான் அங்கு போய் வந்தேன். ஏஜன்ட் இல்லை, பெக்கேஜ் இல்லை. விமான டிக்கட்டை நானே எடுத்தேன், தங்குமிடத்தை மகன் இணையத்தில் பதிவு செய்தான். எமது கடவுச்சீட்டுக்கு வீஸா அங்கு இறங்கியதும் இலவசமாகவே கொடுக்கிறார்கள். திரும்பி வரும் டிக்கட்டும், தங்குமிடப் பதிவும், செலவுக்குப் பணமும் இருக்க வேண்டும். சாப்பாட்டில் ஹலாலா என்று விசாரிக்கத் தேவையில்லாத வெளிநாட்டுப் பயணம் எவ்வளவு நிம்மதி என்பதை, தாய்லாந்து, சீனா என்று சரக்கெடுக்கப் போய் பிஸ்கட்டும் டின் மீனும் சாப்பிட்ட சகோதரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நாம் போனது மாபுஷி என்ற தீவு. தலைநகர் மாலேக்குத் தெற்கே 27 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆறுதலாக நடந்தால் இருபது நிமிடம் போதும். அந்த நாட்டின் பிரதான சிறைச்சாலையும் அங்குதான். அதற்கு முன்பு மாபுஷி என்றால் மாலைதீவு மக்களுக்கே ஞாபகம் வந்தது சிறைதான். இன்று உலகெங்கும் இருந்து ஆட்கள் தேடி வருகிறார்கள். இது எப்படி நடந்தது என்பதுதான் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய கதை.

மாலைதீவில் உல்லாசப் பயணத்துறை தொடங்கியது 1972இல். அக்காலத்தில் அவர்களுடைய மாசிக்கு இலங்கைதான் பெரிய சந்தை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் நாம் இறக்குமதியைக் குறைத்தபோது அவர்களுக்கு அது பெரிய அடியாக இருந்தது. அந்தக் காலப்பகுதியில்தான் உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் பின்பற்றிய கொள்கை, ஆளில்லாத் தீவொன்றை எடுத்து அதில் ஒரே ஒரு ஹோட்டலைக் கட்டுவது. வெளிநாட்டவர் அங்கேயே இறங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கிருந்தே திரும்பிவிடுவார். மக்கள் வாழும் தீவுகளில் கடை வைத்திருப்பவருக்கோ படகு வைத்திருப்பவருக்கோ அதில் ஒரு சதமும் இல்லை. அவருடைய பிள்ளைக்கு வேண்டுமானால் அறை துடைக்கும் வேலை கிடைக்கும், மாதக்கணக்கில் வீட்டை விட்டுப் பிரிந்திருக்க வேண்டும்.

2008இல் பல கட்சித் தேர்தல் நடந்து முஹம்மத் நஷீத் ஜனாதிபதியானார். அவருடைய அரசியலைப் பற்றி அந்நாட்டவர் மத்தியிலேயே பலத்த அபிப்பிராய பேதம் உண்டு, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அவரது ஆட்சியில் இரண்டு காரியங்கள் நடந்தன. மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த அனுமதி கிடைத்தது. தீவுகளுக்கிடையே மலிவான பொதுப் படகுச் சேவை விரிவாக்கப்பட்டது. முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய காரியம். பயணி வந்து சேர வழியில்லாத தீவில் விடுதிக்கு அனுமதி கொடுத்து என்ன பயன்?

அந்தப் படகில்தான் நாமும் போனோம். விமான நிலையம் ஒரு தனித் தீவு. அங்கிருந்து பத்து நிமிடத்தில் மாலே. (2018இல் பாலம் திறந்த பின் இப்போது பஸ்ஸிலும் டக்ஸியிலும் போகலாம்.) பின் மாலேயின் மறுபக்கத்து ஜெட்டியிலிருந்து பிற்பகலில் மாபுஷிக்குப் படகு, ஒன்றரை மணித்தியாலம். கட்டணம் ஆளுக்கு இரண்டு மூன்று டொலருக்குள். அரிசி மூடை, முட்டைப் பெட்டி, புதிய தொலைக்காட்சிப் பெட்டி, பாடசாலைப் பிள்ளைகள், மூன்று ஐரோப்பியர், நாம். எமது ஊர் பஸ்ஸில் போவது போலத்தான், குலுக்கல் மட்டும் வேறு விதம்.

ஒரு விடயம்: வெள்ளிக்கிழமைகளில் அந்தப் படகு ஓடாது. நாம் திரும்பியது வெள்ளிக்கிழமை என்பதால் தனியார் வேகப் படகில் ஆளுக்கு 25 டொலர் கொடுத்து வந்தோம். அரை மணித்தியாலத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அதே கடல், அதே தூரம், விலை மட்டும் பத்து மடங்கு.

இனிக் கணக்குக்கு வருகிறேன். வியாபாரிகளுக்குக் கணக்குச் சொல்லாமல் கதை சொல்லக் கூடாது. மூவருக்குமான அறை ஓர் இரவுக்கு 60 டொலர், காலைச் சாப்பாட்டுடன். நான்கு இரவுக்கு 240. அதன் மேல் பத்து வீத சேவைக் கட்டணம், அன்றிருந்த 12 வீத வரி, ஆளுக்கு ஓர் இரவுக்கு 3 டொலர் பசுமை வரி. எல்லாம் சேர்த்து பில் 330 டொலரைத் தாண்டியது. இணையத்தில் விலையைப் பார்த்துவிட்டு அதே தொகையைப் பையில் எடுத்துக்கொண்டு போகிறவர் அங்கு முழிப்பார்.

அடுத்து கடல். போகும்போது மூவருக்கும் 10 டொலருக்குள். வரும்போது 75. மணல் திட்டுக்குக் கொண்டுபோய் மீன் பார்க்கக் காட்டியதற்கு 90. நானும் மகனும் மாலையில் தூண்டில் போடப் போனதற்கு 50. மொத்தம் 225. வரியை விட்டுப் பார்த்தால், படுத்த இடத்துக்கும் படகுக்கும் ஏறத்தாழ ஒரே செலவு!

விடுதி நடத்துபவர் சிறு வயதில் கொழும்பில் படித்தவர், சிங்களமும் கொஞ்சம் பேசுவார். இதைச் சொன்னபோது சிரித்தார். அறையில் தமக்குப் பெரிதாக இலாபம் இல்லை, பக்கத்து விடுதிக்காரர் ஐந்து டொலர் குறைத்தால் தாமும் குறைக்க வேண்டும், படகு ஓட்டத்தில்தான் பிழைப்பு என்றார். நாம் சீனியையும் பருப்பையும் வாங்கிய விலைக்கே விற்றுவிட்டு மசாலாவிலும் சவர்க்காரத்திலும் இலாபத்தைப் பார்ப்பதில்லையா? அதே தந்திரம்தான். சொந்தப் படகு உள்ளவர் நிமிர்ந்து நிற்கிறார், படகை வாடகைக்கு எடுப்பவர் கமிஷனோடு நின்றுவிடுகிறார். பெரிய ஹோட்டல்களும் இதை அறிந்தே இருக்கின்றன. தூரத்துத் தீவொன்றுக்கு கடல் விமானத்தில் போய்வர மட்டும் ஒருவருக்குப் பல நூறு டொலர் அறவிடுகிறார்கள்.

இதனால்தான் தாமாகவே ஏற்பாடு செய்து போகிறவருக்கு நான் சொல்வது, முதலில் படகு நேரத்தைப் பாருங்கள், பிறகு விமான டிக்கட்டை எடுங்கள் என்பதுதான். எம்மவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். பின்னேர விமானத்தில் போய் இறங்கினால் அன்றைய பொதுப் படகு போயிருக்கும். மாலேயில் ஓர் இரவுக்கு அறை எடுக்க வேண்டும், அல்லது வேகப் படகுக்குக் கொடுக்க வேண்டும். மலிவு டிக்கட்டில் மிச்சம் பிடித்தது அதோடு போய்விடும். அண்மைய ஆண்டுகளில் அரசின் அதிவேகப் படகுகளும் பல தீவுகளுக்கு ஓடத் தொடங்கியிருப்பதால் நிலைமை முன்னையதை விட நல்லது. எதற்கும் நேர அட்டவணையை விடுதிக்காரரிடமே கேட்டுக்கொள்வது உத்தமம்.

தீவில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். நீச்சல் உடையில் வருபவர்களுக்கென்று கடற்கரையின் ஒரு பகுதியைத் தனியாக மறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மது அனுமதியில்லை. தொழுகை நேரத்தில் கடைகளை மூடிவிட்டுப் போய், வந்து திறக்கிறார்கள், வெள்ளைக்காரர் வெளியே காத்து நிற்கிறார். ஆனாலும் பள்ளிவாசலடியில் பேசிய ஒரு முதியவர், எமது கடற்கரையில் எமக்கு எது மிச்சம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வீட்டை வெளியாருக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு மாலேயில் வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றியும் சொன்னார்கள். சொந்தமாக நடத்துபவரின் வீட்டில் மகன் படகோட்டுகிறான், மருமகன் கணக்கெழுதுகிறார். குத்தகைக்குக் கொடுத்தவருக்கு மாதா மாதம் ஒரு தொகை, அவ்வளவுதான்.

சிறியவருக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. 2020இல் கொரோனாவால் மூடிய நாட்டை ஜூலை 15இல் திறந்தபோது, தனித் தீவு ஹோட்டல்களுக்குத்தான் முதல் அனுமதி. மக்கள் வாழும் தீவுகளின் விடுதிகள் ஒக்டோபர் நடுப்பகுதி வரை காத்திருந்தன. சுகாதாரக் காரணம் நியாயமானதே. ஆனால் வங்கித் தவணை அந்த மூன்று மாதமும் காத்திருக்குமா? வரியும் கூடிக்கொண்டுதான் வருகிறது. 2025 தொடக்கத்திலிருந்து சிறிய விடுதிகளுக்கு பசுமை வரி 6 டொலர், அவ்வாண்டு ஜூலையிலிருந்து உல்லாசத்துறை வரி 17 வீதம்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் பொத்துவில், அறுகம்பை சகோதரர்கள். அவர்களில் பலருக்குக் கடற்கரைக்குப் பக்கத்தில் காணி உண்டு. குத்தகைக்குக் கேட்டு வருகிறார்கள், கொடுக்கலாமா என்று என்னிடமே சிலர் கேட்டிருக்கிறார்கள். குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன் ஒரு தடவை மாபுஷிக்குப் போய் நான்கு இரவு தங்கி வாருங்கள் என்பேன். விடுதிக்காரரோடு உட்கார்ந்து, அறையில் எவ்வளவு, படகில் எவ்வளவு, சாப்பாட்டில் எவ்வளவு என்று கேளுங்கள். வியாபாரி என்று சொன்னால் மறைக்காமல் சொல்கிறார்கள். எமது பக்கத்தில் கடலைக் கடக்கத் தேவையில்லை, பஸ்ஸே வீட்டு வாசலுக்கு வருகிறது. அப்படியானால் அவர்களுக்குப் படகு தரும் இலாபத்தை எமக்கு எது தரப்போகிறது என்பதை அங்கிருந்தபடியே கணக்குப் போட்டுப் பாருங்கள். சேர்ப் பலகையா, களப்பில் தோணியா, குமனவுக்கு ஜீப்பா என்று ஒவ்வொன்றாக விலை பார்த்து, பிறகு பத்திரத்தை எடுங்கள்.