தூரிகையும் சாட்சி சொல்லும்

"படம் நன்றாயிருக்கிறது" என்று சொல்லிக் கடந்து போவது எளிது. "இதை ஏன் இவ்வாறு வரைந்தாய்?" என்று கேட்டு, மாணவன் மறுமொழி கூறி முடிக்கும்வரை நிற்பதே அரிது. மலையகத்து இளங்கலைஞர் விஷயத்தில் நம் சமுதாயம் செய்யவேண்டியது இந்த இரண்டாவது காரியமேயாகும்.

அட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்றவர். வண்ணம் தேடி அவர் தொலைதூரம் போகவில்லை. தேயிலைப் பைகளையும் தேயிலைக் கறையையுமே தம் படைப்புக்குப் பொருளாக்கினார். விளக்கம் அறியாதவனுக்கு அது வெறுங்கறை. அக்கொழுந்தைப் பறித்த கை எந்த லயத்துக்குத் திரும்புகிறது என்று அறிந்தவனுக்கோ அது ஒரு வழக்கின் சான்றுப் பொருள்.

சான்று என்னும் சொல்லை நாம் அறிந்தே ஆள்கிறோம். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வந்த இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இங்கு வாழ்ந்தமைக்கு அத்தாட்சி கேட்டது. பிறப்புப் பத்திரமே இல்லாத தொழிலாளி எதை நீட்டுவான்? 1964 அக்டோபரில் எழுந்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் கதியைப் பின்னொரு நாளைக்கு ஒத்திவைத்தது. அம்மக்களைக் கேட்டு எழுதிய கணக்கன்று அது. நாடற்ற நிலையை நீக்கும் சட்டத்துக்கு 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

பிறர் எழுதிய கடதாசியால் விதி வகுக்கப்பட்ட மக்களின் பிள்ளை, தன் படத்தின் முன் நின்று "நான் கருதியது இது" என்று கூறுவது சிறு செய்தியன்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. லயத்தையும் கூடையையும் மட்டுமே வரையவேண்டும் என்று மாணவனை நாம் கட்டாயப்படுத்தலாகாது. காமன் கூத்தையோ பனி மூடிய மலையையோ அவன் வரைந்தால், அதற்கும் அவன் கூறும் காரணத்தைக் கேட்கவேண்டும். சொல்லிக்கொடுத்த சாட்சி சாட்சியன்று என்பதை நீதிமன்றம் ஏறிய எவரும் அறிவர்.

"சித்திரம் சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பர். நாட்கூலியை நம்பிய வீட்டில் அக்கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறும் கடமை பெற்றோருடையதன்று; கற்றோருடையது. தோட்டப் பாடசாலைகளுக்குப் பயிற்சி பெற்ற சித்திர ஆசிரியரும், தாளும் வண்ணமும் கிடைக்க வழி செய்யவேண்டும். கொழும்பில் வைக்கும் கண்காட்சி அட்டனிலும் நுவரெலியாவிலும் வைக்கப்படல் வேண்டும்; அதுவும் தொழிலாளர்க்கு ஓய்வுள்ள ஞாயிற்றுக்கிழமையில். படத்தின் அருகே தமிழில் விளக்கம் இருக்கவேண்டும். மகள் தன்னைப்பற்றி என்ன சொல்லியிருக்கிறாள் என்பதைத் தாய் வாசிக்க முடியாவிட்டால் அக்கண்காட்சி யாருக்காக?

வழக்கறிஞரும் வைத்தியரும் ஆசிரியரும் இதற்குப் பொருளும் பொழுதும் தரட்டும். உழவர் பெருமக்கள் நேரில் வந்து பார்க்கட்டும். பாரம் சுமந்த முதுகு எப்படி வளையும் என்பதை அவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. நம் பிள்ளைகள் பேசத் தொடங்கிவிட்டனர். செவி கொடுப்பது நம் கடன்.